இருவர் உழைக்கும் இல்லமும் அடுப்பங்கரையும்

கணவனும் மனைவியும் ஒருங்கே வேலைக்குச் செல்லுதல் இக்காலத்துப் புதுமை என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். அது சரியன்று. கழனியில் நாற்று நட்டவளும் களை பறித்தவளும் கூலி பெற்றவர்களே. அவர்களுடைய இல்லத்து உணவும் அதற்கேற்பவே அமைந்தது. இரவில் வடித்த சோற்றில் நீரூற்றி வைத்துவிட்டால் விடியலில் அடுப்பு மூட்ட வேண்டுவதில்லை. பழைய சோற்றை வறுமையின் அடையாளமாக நாம் எண்ணிவிட்டோம். உண்மையில் அது நேரமில்லாதவள் கண்ட வழியாகும். மைசூர்ச் சீமையில் அவ்விடத்தைக் கேழ்வரகுக் களி பெற்றது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் இதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. உழைப்பாளி வீட்டுக் களியைத் தாழ்வாக நினைத்து வெள்ளைச் சோற்றுக்கு மாறிய நம் போன்ற குமாஸ்தாக் குடும்பங்கள் இழந்தது சிறிதன்று.

நடுத்தரக் குடும்பத்துப் பெண்டிர் அலுவலகம் செல்லத் தொடங்கியபோதுதான் இடர் பெரிதாயிற்று. ஊரில் இருந்தால் பாட்டியோ அத்தையோ குழந்தையைப் பார்த்துக்கொள்வர். பிழைப்பை நாடி இங்கு வந்த நமக்கு அத்துணை இல்லை.

இவ்விடத்தில் நம் மைசூருக்கே உரிய செய்தி ஒன்றுண்டு. 1950 அக்டோபர் 21 அன்று செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் திறக்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன். இளவரசிக்கென எழுந்த மாளிகை ஏழைக் குழந்தையின் உணவை ஆராயும் கூடமாயிற்று. எருமைப் பால் கொழுப்பு மிகுந்தது. பச்சிளங்குழந்தைக்கு எளிதில் செரிப்பதில்லை. அதைப் பதப்படுத்திக் குழந்தை உணவாக்கும் முறையை இந்நிலையத்தார் கண்டனர். ஆனந்தில் உள்ள அமுல் கூட்டுறவினர் அம்முறையைக் கைக்கொண்டு விற்பனைக்குக் கொணர்ந்தனர். நிலக்கடலை மாவையும் கடலை மாவையும் கலந்த சத்துமாவும் இங்குப் பிறந்ததே.

சட்டமும் மெல்ல நடந்து வந்தது. 1961-ஆம் ஆண்டின் பேறுகாலச் சட்டம் பன்னிரண்டு வாரம் விடுப்பளித்தது. 2017-இல் அது இருபத்தாறு வாரமாயிற்று. இடையில் எத்தனை தாய்மார் பால் கட்டிய மார்போடு அலுவலகம் சென்றனரோ!

பள்ளிப் பிள்ளையின் நண்பகல் உணவுக்குச் சென்னையில் 1920-இலேயே தியாகராயர் வழிகாட்டினார். காமராசர் 1956-இல் அதை விரிவாக்கினார். கர்நாடகத்தில் 'அட்சர தாசோகம்' 2002-இல் வந்தது. வேலைக்குச் செல்லும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, காலை ஏழு மணிக்கு மூன்று டிபன் பாத்திரங்களைக் கட்டுபவளுக்கே தெரியும்.

ஆட்டுக்கல்லின் இடத்தைக் கோயம்புத்தூர் மாவரைக்கும் இயந்திரம் பிடித்தது. அம்மியை மிக்சி ஓரங்கட்டியது. வேலை குறைந்தது மெய்யே. ஆயினும் அந்த வேலை யாருடையது என்பது மாறவில்லை. நாடு முழுவதும் 2019-இல் எடுத்த நேரக் கணக்கின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்டிர் நாளொன்றுக்கு அதில் 299 நிமிடம் செலவிட்டனர். ஆடவர் 97 நிமிடம். அந்த ஆடவருள்ளும் பலர் கடைக்குச் சென்று வந்ததையே வேலையாகச் சொல்லியிருப்பர் என்று நாம் ஐயுறுகிறோம். அனைவர்க்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை நின்றபடி உண்டு பேருந்துக்கு ஓடுபவளின் உடல்நிலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

நம் குடியிருப்பில் இப்போது ஆடவர் சிலர் காலையில் காய் நறுக்குவதைக் காண்கிறோம். சன்னலைச் சாத்திக்கொண்டு நறுக்குகின்றனர் என்பது வேறு செய்தி.