ஒளிச்சேர்க்கை செய்முறை: குமிழி வரலையா? இலை கறுக்கலையா? காரணம் இதுதான்!

பத்தாம் வகுப்பு அறிவியலில் 100 மதிப்பெண்ணில் 25 மதிப்பெண் செய்முறைக்குத்தான். அதில் பல மாணவர்களைத் திணற வைப்பது ஒளிச்சேர்க்கை ஆய்வு. புத்தகத்தில் குமிழி வரும், இலை கருநீலமாக மாறும். ஆனால் வகுப்பில் செய்து பார்த்தால் சில நேரம் எதுவுமே நடக்காது.

செடி மேல் தப்பில்லை. பெரும்பாலும் ஏதோ ஒரு சின்ன படியை விட்டிருப்போம். அது எது என்று கண்டுபிடிப்பது எப்படி? எளிமையாகப் பார்க்கலாம்.

ஆய்வுக்கு என்னென்ன தேவை?

விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். புதுக்கோட்டை மாவட்டம் கந்தர்வக்கோட்டை போன்ற ஊர்களில் குளத்துப் பாசி, வீட்டு வாசல் செம்பருத்தி, தாராளமான வெயில் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். பீக்கர், புனல், சோதனைக்குழாய், அயோடின் கரைசல் இருந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை: ஹைட்ரில்லா பாசி எடுக்க மாணவர்கள் தனியாகக் குளத்தில் இறங்கக் கூடாது. பெரியவர்கள் துணையோடு கரையோரம் எடுக்கலாம். வண்ண மீன் கடைகளிலும் இந்தச் செடி கிடைக்கும்.

ஆய்வு 1: ஆக்சிஜன் வெளிவருதா?

இதுதான் சோதனைக்குழாய் புனல் ஆய்வு. செய்முறை:

• பீக்கரில் குளத்து நீர் எடுத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா கலக்க வேண்டும்.
• ஹைட்ரில்லா தண்டுகளை, வெட்டிய முனை மேல்நோக்கி இருக்கும்படி, புனலுக்குள் வைத்துக் கவிழ்க்க வேண்டும்.
• புனலின் காம்பு முழுசா நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.
• நீர் நிரம்பிய சோதனைக்குழாயைக் கட்டை விரலால் மூடி, காம்பின் மேல் கவிழ்க்க வேண்டும்.
• பிறகு நல்ல வெயிலில் வைக்க வேண்டும்.

சிறிது நேரத்தில் வெட்டிய முனையிலிருந்து குமிழிகள் கிளம்பும். வாயு மேலே சேரச் சேர, குழாயில் உள்ள நீர் கீழே இறங்கும். போதுமான வாயு சேர்ந்ததும், கனன்றுகொண்டிருக்கும் குச்சியை உள்ளே காட்டினால் அது பிரகாசமாக எரியும். அதுதான் ஆக்சிஜனுக்கான சான்று.

குமிழி வரலைன்னா?

• கொதிக்க வைத்து ஆறிய நீரா? கொதிக்கும்போது நீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு வெளியேறிவிடும். மூலப்பொருள் இல்லாமல் ஒளிச்சேர்க்கை நடக்காது. சமையல் சோடா சேர்ப்பது அந்தக் குறையை ஈடுகட்டத்தான்.
• தண்டு தலைகீழாக இருக்கா? வெட்டிய முனை கீழே இருந்தால், குமிழி வருவது சரியாகத் தெரியாது.
• செடி வாடியிருக்கா? அன்றே எடுத்த பச்சைச் செடிதான் நல்லது.
• மேகமூட்டமா? வெயில் வரும் வரை காத்திருக்கலாம், இல்லையென்றால் மின்விளக்கைப் பயன்படுத்தலாம்.

விளக்கில் செய்யும்போது ஒரு சிக்கல் உண்டு. விளக்கின் சூட்டில் நீர் வெதுவெதுப்பானாலே, அதில் கரைந்துள்ள காற்று குமிழியாக வரும். அதையும் ஆக்சிஜன் என்று எண்ணிவிடுவோம். விளக்குக்கும் பீக்கருக்கும் நடுவே நீர் நிரப்பிய கண்ணாடிப் பாத்திரத்தை வைத்தால், அது சூட்டைத் தடுத்து ஒளியை மட்டும் விடும். கூடவே, இதேபோல் இன்னொரு பீக்கரைத் தயார் செய்து இருட்டில் வைக்க வேண்டும். அதில் குமிழி வராவிட்டால்தான், 'ஒளியால்தான் குமிழி வந்தது' என்று சொல்ல முடியும்.

ஜெகதீஷ் சந்திர போஸும் எண்ணிய குமிழி

இது பள்ளிப் பிள்ளைகளுக்கான விளையாட்டு ஆய்வு என்று நினைக்க வேண்டாம். செடிகள் ஒளியில்தான் ஆக்சிஜனை வெளியிடுகின்றன என்பதை யான் இங்கன்ஹவுஸ் 1779-ல் எடுத்துக்காட்டியதும் நீர்த்தாவரங்களில் கிளம்பிய குமிழிகளைக் கவனித்துத்தான்.

நம் நாட்டின் ஜெகதீஷ் சந்திர போஸும் இதே ஹைட்ரில்லாவை வைத்து ஆய்வு செய்தார். குமிழிகளைத் தானாகப் பதிவு செய்யும் கருவியையும் உருவாக்கினார். ஒளிச்சேர்க்கை பற்றிய அவரது நூல் 1924-ல் வெளியானது. கோடைக்கால ஹைட்ரில்லாவும் குளிர்கால ஹைட்ரில்லாவும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதையும் அவர் கவனித்திருந்தார்.

ஆய்வு 2: இலையில் ஸ்டார்ச் இருக்கா?

முதலில் தொட்டிச் செடியை 24 முதல் 48 மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். இலையில் ஏற்கெனவே இருக்கும் ஸ்டார்ச் அப்போதுதான் தீரும். பலர் விடும் படி இதுதான். இதை விட்டால், கறுப்புத் தாள் ஒட்டிய பகுதியும் நீலமாகி முடிவு குழம்பிவிடும்.

அடுத்து, இலையின் ஒரு பகுதியை இருபுறமும் கறுப்புத் தாளால் மூடி, செடியை 4 முதல் 6 மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும். பிறகு இலையைப் பறித்து:

• கொதிநீரில் சில நிமிடம் போட வேண்டும். செல்கள் இறந்து, அயோடின் உள்ளே போக வழி கிடைக்கும்.
• ஆல்கஹாலில் சூடாக்கிப் பச்சையத்தை நீக்க வேண்டும்.
• வெதுவெதுப்பான நீரில் அலச வேண்டும். ஆல்கஹாலில் விறைத்த இலை மறுபடி மென்மையாகும்.
• அயோடின் சொட்டுகளை விட வேண்டும்.

வெயில் பட்ட பகுதி கருநீலமாகும். மூடிய பகுதி அயோடினின் பழுப்பு நிறத்திலேயே இருக்கும்.

இதில் ஆபத்து எங்கே?

ஆல்கஹால் சூடாக்கும் படியில்தான். எத்தில் ஆல்கஹால் சுமார் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும், அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். எனவே நேரடியாக அடுப்பிலோ ஸ்பிரிட் விளக்கிலோ வைக்கவே கூடாது. கொதிநீர் உள்ள பீக்கரை நெருப்பிலிருந்து தள்ளி வைத்துவிட்டு, ஆல்கஹால் உள்ள குழாயை அதற்குள் இறக்க வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டில் முயற்சி செய்யவே வேண்டாம்.

எந்த இலை சரி?

செம்பருத்தி போன்ற மெல்லிய இலை நல்லது. கந்தர்வக்கோட்டை பக்கம் முந்திரி நிறைய இருக்கே, அந்த இலை ஆகாதா என்று கேட்கலாம். அது தடித்த, தோல் போன்ற இலை, எளிதில் வெளுக்காது. வெங்காயத்தாளையும் தவிர்க்கலாம். அது உணவை ஸ்டார்ச்சாகச் சேமிப்பதில்லை, அதனால் ஒளிச்சேர்க்கை நடந்திருந்தாலும் அயோடின் நிறம் மாறாது.

இதோடு செய்து பார்க்கக்கூடிய எளிய ஆய்வுகள்

• சுவாசித்தல்: முளைகட்டிய பச்சைப்பயறை மூடிய பாட்டிலில் வைத்து, உள்ளே ஒரு சிறிய குப்பியில் தெளிந்த சுண்ணாம்பு நீரை வைத்தால் அது பால் போல மாறும். வேகவைத்து ஆறிய பயறை இன்னொரு பாட்டிலில் வைத்து ஒப்பிட வேண்டும்.
• நீராவிப்போக்கு: இலையுள்ள கிளையை பாலித்தீன் பையால் மூடிக் கட்டினால், உள்ளே நீர்த்துளி சேரும்.
• சவ்வூடு பரவல்: தோல் சீவிய உருளைக்கிழங்கில் குழி தோண்டிச் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, நீர் உள்ள தட்டில் வைத்தால் குழியில் மட்டம் உயரும்.

பள்ளியில் ஆய்வகம் இல்லைன்னா?

6 முதல் 8-ம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022 நவம்பரில் திருச்சியில் 'வானவில் மன்றம்' திட்டம் தொடங்கப்பட்டது. இதில் கருத்தாளர்கள் ஆய்வுப் பொருட்களோடு பள்ளிக்கே வந்து செய்து காட்டுவார்கள். மேல் வகுப்பு மாணவர்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு, மேலே சொன்ன எளிய ஆய்வுகளை வகுப்பறையிலேயே செய்யலாம்.

ரெக்கார்டு நோட்டில் என்ன எழுதணும்?

நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, காண்பது, அறிவது என்ற வரிசை எல்லோருக்கும் தெரியும். முக்கியமானது 'காண்பது' பகுதி. குமிழி வராதபோது 'வந்தது' என்று நோட்ஸைப் பார்த்து எழுதிவிட்டால், தேர்வில் ஆசிரியர் "சமையல் சோடா எதுக்குப் போட்டே?" என்று ஒரு கேள்வி கேட்டாலே மாட்டிக்கொள்வோம். வராததை வரவில்லை என்றே எழுதி, காரணத்தைக் கண்டுபிடித்து, மறுபடி செய்து பார்த்தவருக்கு அந்தப் பதிலை மனப்பாடம் செய்யும் தேவையே இருக்காது.