புதுவை நகரின் வில்லியனூர் வாயில்

ஊருக்கு முகம் போன்றது அதன் வாயில். மதிலெடுத்து, அகழி சூழ்ந்து, திசைதோறும் வாயில் வகுத்து நகரமைத்தல் பண்டைத் தமிழர் மரபு. திருக்கோயில்களும் அவ்வாறே திருமதிலும் கோபுர வாயிலும் உடையனவாய் விளங்குகின்றன. ஆயினும் இரண்டிற்கும் வேற்றுமை உண்டு. நகர வாயில் தடுப்பதற்கென எழுந்தது. கோபுர வாயில் அழைப்பதற்கென எழுந்தது. இவ்வுண்மையைப் புதுவையின் பழைய வாயில்கள் நன்கு உணர்த்தும்.

பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதுவையைச் சூழ மதிலெடுத்தனர். அதில் சென்னப்பட்டணத்து வாயில், வழுதாவூர் வாயில், வில்லியனூர் வாயில், கூடலூர் வாயில் என்பன இருந்தன. செல்லும் ஊரின் பெயரே வாயிலின் பெயராயிற்று. ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் 1736 முதல் 1761 வரை எழுதிவைத்த நாட்குறிப்பில் இவ்வாயில்கள் பலகாலும் பேசப்படுகின்றன. மேற்றிசையில் வில்லியனூர் செல்லும் வழியிலேயே ரெட்டியார்பாளையமும் உழவர்கரையும் அமைந்துள்ளன. அவ்வழியின் எல்லையில் திருக்காமீசுவரர் கோயில் கொண்டருளுகின்றார்.

அவ்வாயில்கள் கண்ட காட்சிகள் பல. 1740ஆம் ஆண்டு மே மாதம் ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலிகான் மராட்டியரோடு பொருது மடிந்தார். அவர்தம் குடும்பத்தினர் புதுவையை அடைந்து புகலிடம் வேண்டினர். ஆளுநர் துய்மா வழுதாவூர் வாயிலைத் திறந்து அவர்களை ஏற்றார். அடைக்கலம் அளித்தல் அன்று வாயிலின் பெருமையாயிற்று.

எட்டாண்டு கழித்து நேர்ந்ததோ வேறு. 1748இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் நகரை முற்றுகையிட்டான். வாயில்கள் அடைபட்டன. பகைவனால் மதிலைக் கடக்க இயலவில்லை. அக்டோபரில் முற்றுகையை விடுத்து அகன்றான். ஆயின், முற்றுகைக் காலமாகிய செப்டம்பரிலேயே, மதிலின் உள்ளே இருந்த வேதபுரீசுவரர் திருக்கோயில் ஆளுநர் துய்ப்ளேயின் ஆட்சியில் இடிக்கப்பட்டது. நகர மக்கள் எய்திய துயரைப் பிள்ளையவர்களின் குறிப்பு காட்டுகின்றது. புறப்பகையைத் தடுத்த மதில், தன்னகத்தே இருந்த ஆலயத்தைக் காக்கவில்லை.

1760இல் அயர் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி மீண்டும் புதுவையை வளைத்தான். ஜூலையில் வில்லியனூர்க் கோட்டை அவன் வசமாயிற்று. செப்டம்பரில், நகர்ப்புறத்தே முட்செடி அடர்ந்து கிடந்த எல்லை வேலியையும் உழவர்கரைக் காவலரணையும் அவன் படை கைக்கொண்டது. நகரினுள் உணவு அருகியது. நவம்பர் இறுதியில் தளபதி லாலி, ஏறத்தாழ 1,400 குடிமக்களை ஆண், பெண், குழந்தை என்னாது நகரினின்றும் வெளியேற்றினான். முன்னே செல்ல ஆங்கிலர் விடவில்லை. பின்னே திரும்பப் பிரெஞ்சுக்காரர் விடவில்லை. மதிலுக்கும் பகைப்படைக்கும் நடுவே எட்டு நாள் அவ்வேழையர் புல்லும் வேரும் தேடி அலைந்தனர். அதன் பின்னரே கூட் அவர்களுக்கு வழிவிட்டான். அடைக்கலம் அளித்த நகரமே தன் குடிகளுக்கு வாயிலை அடைத்த கொடுமை இது.

1761 ஜனவரி 16ஆம் நாள் நகரம் பணிந்தது. அதற்கு நான்கு நாள் முன்னரே பிள்ளையவர்கள் மறைந்தார்கள். வென்றோர் கோட்டையையும் மதிலையும் தகர்த்தனர். 1765இல் நகரம் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பிற்று, மீண்டும் கட்டினர். பின்வந்த போர்களில் அவ்வரண்களும் நிலைபெறவில்லை. மேற்குப் பக்கத்து மதிலின் தடத்தில் இன்று அண்ணா சாலை ஓடுகின்றது. வில்லியனூர் வாயிலுக்கு ஒரு கல்லும் அடையாளமாக இல்லை.

இடிபட்ட வேதபுரீசுவரர் கோயிலோ பின்னாளில் வேறோரிடத்தில் அன்பர்களின் பொருளாலும் உழைப்பாலும் எழுந்தது. இன்றும் வழிபாடு பெற்று விளங்குகின்றது. அரசர் பெரும்பொருள் செலவிட்டு எடுத்த வாயில் மறைந்தது. அடியார் சிறுகச் சிறுக ஈந்து எடுத்த வாயில் நிலைத்தது. திருக்குடமுழுக்குக்கு ஒரு காசும் ஒரு கல்லும் உதவியோர், தம் கொடை எத்தகைய வாயிலைத் தாங்கி நிற்கின்றது என்பதை இதனால் உணர்ந்து மகிழ்வாராக.

திருச்சிற்றம்பலம்.