கேரவன் இழுக்கும் உரிமை: பிரிட்டனில் ஒரு தேர்வு வந்து போன வரலாறு

பிரிட்டனில் காரின் பின்னே பெரிய கேரவனைப் பூட்டிக்கொண்டு விடுமுறைக்குப் புறப்படுவோரின் உரிமையை, கால் நூற்றாண்டுக் காலம் ஒரு தேதியே தீர்மானித்தது: 1997 ஜனவரி 1. அதற்கு முன் கார் ஓட்டுநர் தேர்வில் தேறியவர், டிரெய்லரைத் தொட்டுக்கூடப் பாராதவராயினும், வண்டியும் டிரெய்லருமாக 8.25 டன் வரை ஓட்டலாம். அந்நாள் முதல் தேறியவரோ, 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லரை இழுக்கையில் மொத்த எடை 3.5 டன்னைத் தாண்டினால், ‘பி+இ’ என்னும் தனித் தேர்வை எழுதியாக வேண்டும். ஐரோப்பிய நாடுகளின் உரிம வகைகளை ஒருமைப்படுத்த 1991இல் இயற்றப்பட்ட நெறிமுறையின் விளைவு இது.

அந்தக் கூட்டல் குறி மொழியியல் படித்த எனக்குச் சற்று ஏமாற்றுவதாகவே தோன்றுகிறது. காரும் டிரெய்லரும் சேர்ந்தால் இரண்டு வண்டிகளின் கூட்டுத்தொகை கிடைப்பதில்லை; வேறொரு வண்டியே உருவாகிறது. பின்னோக்கிச் செல்கையில் டிரெய்லர் இடப்புறம் திரும்பவேண்டுமெனில் ஸ்டீயரிங்கை முதலில் வலப்புறம் திருப்பவேண்டும். சுமையைப் பின்பகுதியில் குவித்தாலோ வேகம் மிகுந்தாலோ கேரவன் பாம்புபோல் நெளியத் தொடங்கும். அப்போது பிரேக்கை அழுத்தி மிதிப்பதும், ஸ்டீயரிங்கை எதிர்ப்புறம் வெட்டுவதும் இயல்பான தூண்டுதல்கள். நெளிவை வளர்ப்பவையும் அவையே. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நிலையாகப் பிடித்திருப்பதே பயிற்சி கற்பிக்கும் வழி. கார் ஓட்டிய அனுபவம் எத்தனை ஆண்டாயினும் இதைத் தானாகக் கற்பிப்பதில்லை.

தேர்வு இத்திறன்களில் சிலவற்றையேனும் சோதித்தது: ‘எஸ்’ வடிவில் பின்னோக்கிச் செலுத்துதல், டிரெய்லரைக் கழற்றி மீண்டும் பூட்டுதல், ஏறத்தாழ 50 நிமிடச் சாலை ஓட்டம்.

2021இல் கனரக லாரி ஓட்டுநர்களுக்குக் கடும் பற்றாக்குறை ஏற்பட்டது. லாரித் தேர்வுகளுக்குத் தேர்வாளர்களின் நேரம் தேவைப்பட்டதால், அச்செப்டம்பரில் டிரெய்லர் தேர்வு நிறுத்தப்பட்டது. டிசம்பர் 16 முதல் சட்டமும் மாறியது. 1997க்குப் பின் தேறியவர்களும் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கும் உரிமையைத் தாமாகவே பெற்றனர். லாரிகளுக்கான நெருக்கடி உண்மையானதே. ஆனால் அதற்கும் கேரவன் ஓட்டுநரின் திறனுக்கும் என்ன தொடர்பு? தேர்வு தேவையற்றது என்று கண்டறியப்பட்டு அது நீக்கப்பட்டதாக என்னால் கொள்ள இயலவில்லை.

பயிற்சி பெறுமாறு அரசு பரிந்துரைக்கிறது, கட்டாயம் ஏதுமில்லை. இந்த மாற்றம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே. வட அயர்லாந்தில் அந்தத் தேர்வு நீடித்தது.