டிரங்க் போர்ட்

டிரங்க் போர்ட் என்பது, பல மெய்நிகர் உள்ளகப் பிணையங்களின் (விலான்) தரவை ஒரே கம்பி வழியே கொண்டுசெல்லுமாறு அமைக்கப்பட்ட சுவிட்ச் போர்ட் ஆகும். ஒரே ஒரு விலானுக்கு மட்டும் உரியது அணுகல் போர்ட் எனப்படும். கணினியும் அச்சுப்பொறியும் பொதுவாக அணுகல் போர்ட்டில் இணைகின்றன. சுவிட்சுகள் தமக்குள் டிரங்க் போர்ட் வழியே இணைகின்றன. இரு தொலைபேசி நிலையங்களுக்கு இடையிலான பொதுத் தடத்துக்கு வழங்கிய பெயரே டிரங்க். 'டிரங்க் கால்' பதிவுசெய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த என் தலைமுறைக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை.

விலான் என்ற கருத்துக்கும் தொலைபேசியோடு தொடர்பு உண்டு. 1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் நிறுவனத்தில் பணியாற்றிய டபிள்யூ. டேவிட் சின்கோஸ்கி, தொலைபேசிப் பேச்சை ஈத்தர்நெட்டில் அனுப்ப முயன்றார். அதற்குப் பல ஈத்தர்நெட் பிணையங்களை ஒன்றாக இணைக்க வேண்டியிருந்தது. இணைப்புகளில் வளையம் ஏற்பட்டால் தரவுச் சட்டகங்கள் முடிவின்றிச் சுற்றும். ராடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ நெறிமுறை, மிகுதியான பாதைகளை அடைத்து ஒரே மரவடிவப் பாதையை விட்டுவைத்தது. சுற்றுவது நின்றது, ஆனால் போக்குவரத்து முழுவதும் மரத்தின் வேர்ப்பகுதியில் நெரிந்தது. ஒரு மரத்துக்குப் பதில் பல மரங்களை அமைத்து, ஒவ்வொரு சட்டகமும் எந்த மரத்துக்கு உரியது என்பதைக் காட்ட அதில் ஓர் அடையாள ஒட்டு இடலாம் என்பது சின்கோஸ்கியின் தீர்வு. சேஸ் காட்டனுடன் சேர்ந்து அவர் இதை 1988-இல் வெளியிட்டார். சிவப்பு, பச்சை, நீலம் என வண்ணம் பூசிய சட்டகங்களாக இதை மனத்தில் கொள்ளலாம்.

1990-களில் ஈத்தர்நெட் சுவிட்சுகள் பரவின. 1990-இல் முதல் ஈத்தர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த கல்பனா நிறுவனத்தை நிறுவியவர்களுள் ஒருவர் இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ். மனைவியின் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார். 1994-இல் சிஸ்கோ அதை வாங்கியது. கணக்குப் பிரிவும் மாணவர் ஆய்வகமும் ஒரே சுவிட்சில் இருந்தாலும் தனித்தனியாக இயங்க விலான் உதவியது. ஆனால் இரண்டாவது கட்டடத்துக்கு மூன்று விலான்களைக் கொண்டுசெல்ல, டிரங்க் இல்லையென்றால் மூன்று கம்பிகள் வேண்டும். நிறுவனங்கள் தத்தம் வழியில் தீர்வு கண்டன. சிஸ்கோவின் ஐஎஸ்எல் முறை, சட்டகம் முழுவதையும் 26 பைட் முகப்பும் 4 பைட் வாலும் கொண்ட புதிய உறையில் இட்டது. வேறு நிறுவன சுவிட்ச் அந்த உறையைப் பிரிக்க அறியாது. வாங்கியவர் அதே நிறுவனத்திடமே மீண்டும் செல்ல வேண்டிய நிலை.

இதற்கு மாற்றாக 1998-இல் வந்த பொதுத் தரமே ஐஇஇஇ 802.1க்யூ. இது உறை மாற்றவில்லை; அனுப்புநர் முகவரிக்கு அடுத்து 4 பைட் ஒட்டைச் செருகியது. முதல் 2 பைட், ஒட்டு இருப்பதை அறிவிக்கும். மீதியில் 3 பிட் முன்னுரிமைக்கும் 12 பிட் விலான் எண்ணுக்கும் உரியவை. 12 பிட்டில் 4096 எண்கள் கிடைக்கும். 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டதால் பயன்படுபவை 4094. சட்டகத்தின் உச்ச நீளம் 1518-லிருந்து 1522 பைட்டாக உயர்ந்தது. பழைய சிஸ்கோ சுவிட்சுகள் சிலவற்றில் டிரங்க் அமைக்குமுன் ஐஎஸ்எல்லா, 802.1க்யூவா என்று சொல்லியாக வேண்டும். புதியவற்றில் அக்கட்டளையே இல்லை, ஐஎஸ்எல் கைவிடப்பட்டுவிட்டது.

ஒட்டைப் புரிந்துகொள்ளாத பழைய கருவிகளுக்காக ஒரு சலுகையும் இருந்தது. டிரங்கில் ஒட்டின்றி வரும் சட்டகம் ஒரு குறிப்பிட்ட விலானில் சேர்க்கப்படும். இதை நேட்டிவ் விலான் என்பர். பெரும்பாலும் இது இயல்பாக 1. இந்தச் சலுகையே பின்னர் ஓட்டையாயிற்று. விலான் 1-இல் இருக்கும் ஒருவர் வெளியே 1, உள்ளே 20 என இரு ஒட்டுகளை இட்டு அனுப்பினால், முதல் சுவிட்ச் வெளி ஒட்டை நீக்கி டிரங்கில் விடக்கூடும். இரண்டாவது சுவிட்ச் 20-ஐப் படித்து, அவர் நுழையக்கூடாத பிணையத்தில் சேர்த்துவிடும். மறுமொழி திரும்பி வராது என்றாலும் தீங்கு செய்ய அது போதும். எனவே நேட்டிவ் விலானாக யாரும் பயன்படுத்தாத எண்ணைக் கொடுப்பதும், டிரங்கில் தேவையான விலான்களை மட்டும் அனுமதிப்பதும் வழக்கமாயின. இரு முனைகளிலும் நேட்டிவ் எண் வேறுபட்டால் இரு பிணையங்கள் ஓசையின்றிக் கலந்துவிடும். புதிதாகக் கற்போர் இங்கேதான் அதிகம் தடுமாறுகின்றனர்.

பெரிய தரவு மையங்களுக்கு 4094 போதவில்லை. 2014-இல் வெளியான விஎக்ஸ்லான் முறை 24 பிட் எண்ணைக் கையாண்டு, சுமார் 1.68 கோடி பிணையங்களுக்கு இடமளித்தது. அது மீண்டும் சட்டகத்தைப் புதிய உறையில் இடும் முறையே.