ஒரு மீனை ஏரியில விட்டா என்ன ஆகும்?

இன்னைக்கு ஒரு மீனோட கதை. பேர் பாஸ். அமெரிக்காவுல பிறந்த நன்னீர் மீன், வாய் பெருசு, தூண்டில்ல மாட்டினா சும்மா விடாது, துள்ளும். அதனாலதான் தூண்டில்காரங்களுக்கு அது மேல அவ்வளவு பைத்தியம்.

1925-ல அகாபோஷி தெட்சுமாங்கிற ஜப்பான் தொழிலதிபர் இதை அமெரிக்காவுல இருந்து கொண்டுவந்து ஆஷி ஏரியில விட்டார். சாப்பிடவும் ஆகும், பிடிக்கவும் ஜாலியா இருக்கும்னு எண்ணம். மலைக்கு நடுவுல இருக்கிற ஏரி, மீன் எங்கேயும் தப்பிச்சுப் போகாதுன்னு நம்பினாங்க.

மீன் தானா போகல. மனுஷங்க கொண்டுபோனாங்க. 1970-கள்ல செயற்கை இரை போட்டு மீன் பிடிக்கிற மோகம் வந்ததும், பாஸ் ஊர் ஊரா பரவிச்சு. விவசாயத்துக்குத் தண்ணி தேக்குற சின்னச் சின்னக் குளங்களையும் விட்டுவைக்கல. அங்க காலங்காலமா இருந்த சின்ன மீன்கள் அதுக்கு இரையாச்சு.

2005-ல பாஸை வளர்க்கவோ, உயிரோட எடுத்துட்டுப் போகவோ, வேற நீர்நிலையில விடவோ சட்டம் தடை போட்டுச்சு. மியாகி மாகாணத்துல இருக்கிற இசுநுமா ஏரியில தன்னார்வலர்கள் செயற்கைக் கூடு வைக்கிறாங்க. பாஸ் வந்து முட்டை போட்டதும் கூட்டோட தூக்கிடுவாங்க. சில குளங்கள்ல தண்ணிய வடிச்சே பாஸை அகற்றுறாங்க. நம்ம புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் கண்மாய் வத்துற நேரத்துல மீன்பிடித் திருவிழா நடக்குமே, அதைத்தான் நான் நினைச்சுக்கிட்டேன்.

இன்னொரு பக்கமும் இருக்கு. 2009-ல பிவா ஏரியில ஒரு ஜப்பானியர் 10.12 கிலோ பாஸ் பிடிச்சார். 1932-ல அமெரிக்காவோட ஜார்ஜியாவுல பிடிபட்ட மீனோட உலக சாதனைக்கு அது சமமாச்சு. அதே பிவா ஏரியில, பிடிச்ச பாஸைத் திரும்பத் தண்ணில விடக்கூடாதுன்னு 2003-லயே விதி வந்துடுச்சு. பிடிச்ச மீனை உயிரோட விடுறதுதான் தர்மம்னு நினைக்கிற தூண்டில்காரருக்கு இது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

இந்தக் கதையில யாரும் வில்லன் இல்ல. ப்ளூகில்னு இன்னொரு அமெரிக்க மீனை 1960-ல பரிசா வாங்கிட்டு வந்தவர், அப்போ இளவரசரா இருந்த அகிஹிதோ. அவரே மீன்களை ஆராய்ஞ்சவர். 2007-ல பேரரசரா இருந்தப்போ, அதனால வந்த பாதிப்பு மனசை வருத்துதுன்னு பொதுமேடையில சொன்னார்.

நம்ம ஊர் ஜிலேபி மீனும் இப்படித்தான். 1952-ல இந்தியாவுக்கு நல்ல எண்ணத்தோட கொண்டுவந்தாங்க. இன்னைக்கு அது இல்லாத குளத்தைத் தேடணும். அதனால வீட்டுத் தொட்டி மீன் போரடிச்சா, 'பாவம், பிழைச்சுப் போகட்டும்'னு ஏரியில மட்டும் விட்டுடாதீங்க. அது பிழைச்சுக்கும். ஏரிதான் பாவம்.