துளை போட்ட கைகள்

எங்களில் பாதிப்பேருக்கு முதல் வேலை டேட்டா என்ட்ரிதான். "சும்மா டைப் அடிக்கிற வேலை" என்று வீட்டில சொல்லுவினம். அந்தச் 'சும்மா'வுக்குப் பின்னால் 130 வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு கிடக்கிறது.

அமெரிக்காவில் 1880ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டைக் கையால் எண்ணித் தொகுக்க ஏழெட்டு வருடங்கள் பிடித்தன. அடுத்த 1890 கணக்கெடுப்புக்கு ஹெர்மன் ஹொலரித் என்ற பொறியியலாளரின் துளை அட்டை முறை வந்தது. ஆளுக்கு ஒரு அட்டை. வயது, பால், பிறந்த இடம் எல்லாமே துளைகளாகின. அப்போது அந்த நாட்டுச் சனத்தொகை ஆறு கோடிக்கு மேல். அத்தனை அட்டைகளையும் மின்சாரத்தால் எண்ணிய இயந்திரத்தைத்தான் புத்தகங்கள் புகழுகின்றன. ஆனால் அந்த இயந்திரத்துக்குக் கையெழுத்து வாசிக்கத் தெரியாது. படிவத்தில் இருந்த கிறுக்கலை விளங்கி, உரிய இடத்தில் துளை போட்டது எழுதுவினைஞர்கள். அவர்களில் நிறையப்பேர் பெண்கள். இன்று அவர்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

1928இல் ஐபிஎம் 80 நிரல் அட்டையைக் கொண்டுவந்தது. பிறகு பல பத்தாண்டுகள் அலுவலகங்களில் 'கீபஞ்ச்' அறைகள் இயங்கின. கண் படிவத்தில், விரல் விசையில். மணித்தியாலத்துக்கு எத்தனை தட்டு என்று வேகத்தை அளந்தார்கள்.

வேகம் மட்டும் போதாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் துளைத்த அட்டையை இன்னொருவரிடம் கொடுப்பார்கள். அவர் 'வெரிஃபயர்' என்ற இயந்திரத்தில் அதே படிவத்தைப் பார்த்துத் திரும்ப அடிப்பார். அது துளை போடாது, ஒப்பிட்டு மட்டும் பார்க்கும். ஒரு எழுத்து பொருந்தாவிட்டாலும் நின்றுவிடும். மருத்துவ ஆய்வுகளில் இன்றைக்கும் இரண்டுபேர் தனித்தனியாகப் பதிந்து ஒப்பிடும் வழக்கம் இருக்கிறது.

இதை ஏன் இப்ப சொல்லுறம்? எங்கட நண்பி ஒருத்தியின் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. அடையாள அட்டை எடுக்கப் போன இடத்தில்தான் பிடிபட்டது. அதைத் திருத்த ஒரு வருடம் அலைந்தாள். பதிந்தவரை மட்டும் குற்றம் சொல்ல எங்களுக்கு மனமில்லை. மேசையில் குவிந்த படிவங்களோடு அவரை அவசரப்படுத்தியது யார்? இரண்டாவது ஆளை வைத்துச் சரிபார்க்காமல் விட்டது யார்?

நாங்கள் அடிக்கும் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவருடைய பென்ஷன், காணி, கல்வி. இது 'சும்மா' வேலை இல்லை. அந்த இரண்டாவது ஆளுக்கும் சம்பளம் கொடுக்கச் சொல்லி நாங்கள் கேட்கத்தான் வேணும்.