லினக்ஸ் பாதுகாப்புக் கருவிகள்

லினக்ஸ் கணினிகளை ஊடுருவல், நச்சுநிரல், தரவுத் திருட்டு ஆகியவற்றிலிருந்து காக்கும் மென்பொருள்கள். பெரும்பாலானவை கட்டற்றவை, விலையற்றவை. டெபியனை அடித்தளமாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இவற்றைப் பயன்படுத்தலாம்.

திருப்பூர் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் டெக் பேக் (ஆடை வடிவமைப்புக் குறிப்பு), விலைப்பட்டியல், எல்.சி. (வங்கிக் கடனுறுதிக் கடிதம்) ஆவணம் எல்லாம் ஒரே சர்வரில் இருப்பது வழக்கம். அந்த சர்வர் இணையத்துடன் நேரடியாக இணைந்திருந்தால் முதல் தேவை ஃபெயில்2பேன். இது உள்நுழைவுப் பதிவேட்டைத் தொடர்ந்து படிக்கும். இயல்பு அமைப்பில், 10 நிமிடத்துக்குள் 5 முறை தவறான கடவுச்சொல் தந்த ஐ.பி. முகவரியை 10 நிமிடம் தடுத்துவைக்கும். இந்த நேரம் போதாது, கூட்டிக்கொள்வதே நல்லது. தேவையற்ற வாசல்களை (போர்ட்) அடைக்க யு.எஃப்.டபிள்யூ., வன்தட்டை மறைகுறியாக்க லக்ஸ், அமைப்பின் ஓட்டைகளைத் தணிக்கை செய்ய லினிஸ் ஆகியவை உண்டு.

லினக்ஸுக்கு வைரஸே வராது என்பது தவறு. பென்டிரைவில் வரும் விண்டோஸ் வைரஸ் லினக்ஸ் சர்வரில் செயலற்றுக் கிடந்து, பகிர்வுக் கோப்புறை வழியே அடுத்த மேசைக்குப் போகும். அதைப் பிடிக்கத்தான் கிளாம்ஏவி. லினக்ஸையே குறிவைக்கும் தாக்குதலும் உண்டு: 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்னும் சுருக்கு நிரலிலேயே பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டது.

சப்ளையர் பெயரில் 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று வரும் போலி மின்னஞ்சலை இக்கருவிகள் எதுவும் உறுதியாகத் தடுக்காது. பணம் அனுப்புமுன், ஏற்கெனவே தெரிந்த எண்ணில் அழைத்துக் கேளுங்கள்.